விரல் ரேகையும் வெற்று நாற்காலியும்

1914-ம் ஆண்டு. டோக்கியோ நகரம். தாயகம் துறந்து வந்து, வாடகை அறைகளில் ஒண்டிக்கொண்டு, அடுத்த வேளைச் சோற்றுக்கு அலைந்துகொண்டிருந்த சீனப் புரட்சி வீரர்கள் முன்னே ஒரு தாள் நீட்டப்படுகிறது. உறுதிமொழித் தாள்! கையெழுத்திட்டால் மட்டும் போதாது. விரலில் மை தடவி ரேகையும் பதிக்கவேண்டும். கொள்கைக்குக் கட்டுப்படுவேன் என்பது மட்டுமல்ல உறுதிமொழி. தலைவருக்கு, ஒரே ஒரு தனி மனிதருக்குக் கட்டுப்படுவேன் என்பதும் அதிலே இருந்தது.

தாளை நீட்டியவர் சன் யாட் சென். சீனக் குடியரசின் முதல் தலைவராக வீற்றிருந்தவர். ரேகை பதிக்க மறுத்தவர் ஹுவாங் சிங். மூன்றாண்டுகளுக்கு முன்பு, காண்டன் நகரத் தெருவிலே நடந்த போரில், வலக்கை விரல்கள் இரண்டைக் குண்டுக்குப் பறிகொடுத்தவர். போன விரலுக்கு ரசீது கேட்காத அந்த மனிதரிடம், மிஞ்சிய விரலுக்கு ரேகை கேட்டார்கள்!

இந்தக் கதையை நாம் இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஓர் அமைப்பு வளர்ந்துகொண்டே போகும்போது, பழைய சட்டை போதாமற் போகிறது. புதுச் சட்டதிட்டம், புதுக் குழுக்கள், புதிய பொறுப்பாளர்கள் எல்லாம் வரத்தான் வேண்டும். வராவிட்டால் அமைப்பு மூச்சுத் திணறிச் சாகும். ஆனால் அந்த மாற்றம் நடக்கிற நாளிலே, முதல் கொடியை நட்ட மூத்தவர்கள் எங்கே நிற்கிறார்கள்? முன் வரிசையிலா, திண்ணையிலா?

நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் ஒரு பெரியவர். தறி நெய்பவர். கொடிக் கம்பத்துக்குத் தன் கொல்லையில் இருந்த மரத்தை வெட்டிக் கொடுத்தவர். கிளைக்குப் புது நிர்வாகம் வந்தது. பட்டியலைப் புதிதாக எழுதினார் ஓர் இளைஞர். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவர். பெரியவரை அவருக்குத் தெரியாது, பெயர் விட்டுப்போயிற்று, கூட்ட அறிவிப்பு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பெரியவர் சண்டை போடவில்லை. எதிர் முகாமுக்கும் ஓடவில்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தெருவில் பத்து வீடுகளும் அவரோடு சேர்ந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டன. கணக்கு ஏட்டிலே இந்த நட்டம் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

சன் யாட் சென் இந்தச் சோதனையை ஒரு முறையல்ல, இரு முறை சந்தித்தவர். முதல் முறை தோற்றார். இரண்டாம் முறை, தம் மூச்சு உள்ளவரை வென்றார். அவர் வாழ்க்கையைச் சற்றே பார்ப்போம்.

1866-ம் ஆண்டு நவம்பர் 12-ல், காண்டன் மாநிலத்தில் ஒரு சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் சன். ஹவாய்த் தீவுக்குப் பிழைக்கப் போயிருந்த அண்ணனிடம் 1879-ல் அனுப்பப்பட்டார். பிறகு ஹாங்காங்கில் மருத்துவம் படித்து 1892-ல் தேறினார். நோயாளிகளின் நாடி பார்த்துச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் பார்த்த நாடி நாட்டின் நாடி! மஞ்சு மன்னராட்சியின் கீழே நலிந்து கிடந்தது சீனம். 1894-ல் ஹோனலூலுவில் ஒரு சிறு சங்கம் கண்டார். மறு ஆண்டே காண்டனில் கிளர்ச்சி, தோல்வி, தோழர்கள் கொலைக்களம் சென்றனர், இவர் தப்பி ஓடினார். 1896-ல் லண்டனில், சீன அரசின் தூதரகத்திலேயே இவரைச் சிறைப்பிடித்து வைத்தார்கள். நாட்டுக்குக் கடத்திச் சென்று தலையை வாங்கிவிடத் திட்டம். பழைய ஆசிரியரான ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் வெளியே முழக்கமிட்டு மீட்டார். அந்த ஒரு நிகழ்ச்சியால் உலகமெங்கும் பெயர் பரவியது.

ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று பேசினார், பணம் திரட்டினார். பேச்சைக் கேட்டுப் பொறாத எதிரிகள் அவருக்குப் பெரிய பீரங்கி என்று கேலிப் பெயர் வைத்தார்கள். வெறும் வெடிச் சத்தம் என்று பொருள். மேடைப் பேச்சைக் கண்டு எரிச்சலுறுவோர் எல்லா நாட்டிலும் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள் போலும்!

1905 ஆகஸ்டில், டோக்கியோவில், தனித்தனியே இயங்கிய புரட்சிக் குழுக்கள் ஒன்றிணைந்து தோங் மெங் ஹுய் என்ற கூட்டுக் கழகம் ஆயின. ஹுனான் மாநிலத்துக் குழுவின் தலைவர்தான் ஹுவாங் சிங். சன்னைவிட எட்டு வயது இளையவர். படித்தவர், படை நடத்தத் தெரிந்தவர், தமக்கென ஓர் அணி உடையவர். தலைமைக்குப் போட்டியிட்டிருக்கலாம். ஆனால், வாக்கெடுப்பே வேண்டாம், சன்னே தலைவராக இருக்கட்டும் என்று முன்மொழிந்தவர் அவரேதான்.

அதற்குப் பிறகு எத்தனை பிணக்கு! 1907-ல் கொடி பற்றித் தகராறு. நீல வானில் வெண் கதிரவன் பொறித்த கொடியே வேண்டுமென்றார் சன். 1895 கிளர்ச்சியில் உயிர் நீத்த தோழன் வரைந்த கொடி அது, விடுவாரா? நிலத்தைச் சமமாகப் பங்கிடும் பழங்கருத்தைக் காட்டும் குறியுள்ள கொடி வேண்டுமென்றார் ஹுவாங். வார்த்தை தடித்தது. கழகத்தை விட்டே விலகும் அளவுக்குப் போய், பிறகு கழகத்தின் நலனுக்காக ஹுவாங் விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டில் ஜப்பானிய அரசு சன்னைப் பணம் கொடுத்து நாட்டைவிட்டு அனுப்பியது. கழக ஏட்டுக்கு அதிலே சிறு பங்குதான் விட்டுச் சென்றார் என்று, ஏட்டின் ஆசிரியரே சீறி எழுந்து, சுவரிலிருந்த சன்னின் படத்தைக் கழற்றி எறிந்தார். 1909-ல் சன்னைத் தலைமையிலிருந்து இறக்கவேண்டுமென்று குற்றப் பட்டியலே தயாரித்துச் சுற்றுக்கு விட்டார்கள். அதற்கு உடன்பட மறுத்துத் தடுத்து நின்றவரும் ஹுவாங் சிங்தான்.

1910 நவம்பரில் நம்மவர் பலர் பிழைக்கச் சென்று வாழ்ந்த பினாங்கிலே ஒரு கூட்டம். சன், ஹுவாங், ஹூ ஹான் மின், மலாயாவில் வாணிபம் நடத்திக்கொண்டே புரட்சிக்குப் பணம் திரட்டித் தந்த தெங் சே ஜு ஆகியோர் இருந்தனர். தெங் என்ற இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். காண்டனில் இன்னொரு கிளர்ச்சி என்று அங்கே முடிவாயிற்று. 1911 ஏப்ரல் 27-ல் படை நடத்தியவர் ஹுவாங். தோல்விதான். மாண்டவர்களில் 72 பேரின் உடல்கள் ஒரே குன்றில் அடக்கம் செய்யப்பட்டன. ஹுவாங்கின் விரல்கள் போனது அன்றுதான்.

ஆறே மாதத்தில், அக்டோபர் 10-ல், வூசாங்கில் படையினர் எழுந்தனர். மன்னராட்சி சரிந்தது. அப்போது சன் அமெரிக்காவில், டென்வர் நகரில் இருந்தார். செய்தித்தாள் பார்த்துத்தான் செய்தி அறிந்தார். களத்தில் நின்று போரிட்டவர் ஹுவாங். ஆயினும் 1912 சனவரி 1-ல் நான்கிங்கில் தற்காலிகக் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றவர் சன்; படைத்துறை அமைச்சராக அவர்கீழ் பணியாற்றியவர் ஹுவாங். முணுமுணுப்பு இல்லை.

உள்நாட்டுப் போரைத் தவிர்க்கச் சில வாரங்களிலேயே பதவியை யுவான் ஷி காய் என்ற படைத் தலைவனிடம் விட்டார் சன். அவனோ குடியரசின் கழுத்தை நெரிக்கக் காத்திருந்தவன். பல கட்சிகளை இணைத்து 1912 ஆகஸ்டில் கோமிண்டாங் கட்சியை உருவாக்கித் தேர்தலில் வென்ற இளைஞர் சுங் சியாவ் ஜென், 1913 மார்ச்சில் ஷாங்காய் ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இறந்தார். வயது 30. உடனே போர் என்றார் சன். சட்டப்படி பார்ப்போம், படை பலம் நம்மிடம் போதாது என்றார் ஹுவாங். மாதங்கள் நழுவின. சூலையில் மூண்ட இரண்டாம் புரட்சி செப்டம்பருக்குள் நசுக்கப்பட்டது. எல்லோரும் மீண்டும் ஜப்பானுக்கு ஓட்டம்.

இங்கேதான் சன்னின் உள்ளம் கசந்தது. மாநிலத்துக்கு ஒருவர், மனம்போன போக்கிலே நடந்தார்கள், கட்டுப்பாடு இல்லை, தம் சொல்லைக் கேட்டிருந்தால் வென்றிருக்கலாம் என்று எண்ணினார். ஹுவாங் மீது பழி சொன்னார். அவர் நோய் கண்டது சரியே என்பது நம் கருத்து. கட்டுப்பாடு இல்லாத கட்சி கூட்டமே தவிரக் கட்சியல்ல. ஆனால் கொடுத்த மருந்து? 1914 சூலையில் சீனப் புரட்சிக் கட்சி என்று புதிதாகத் தொடங்கினார். தலைவருக்கே விசுவாசம், விரல் ரேகை, புரட்சிக்கு முன் சேர்ந்தவர், நடக்கும்போது சேர்ந்தவர், பின்னர் சேர்ந்தவர் என உறுப்பினரில் மூன்று தரம், தரத்துக்கு ஏற்ப உரிமை.

மன்னனை வீழ்த்திய கையால் இன்னொரு மனிதனுக்கு அடிமைச் சீட்டு எழுதுவதா என்பது ஹுவாங்கின் கேள்வி. ரேகை பதிப்பது குற்றவாளிக்கு உரியது என்றும் கருதினார். எத்தனையோ தடவை விட்டுக்கொடுத்தவர்தான். தலைமையை, கொடியை, பதவியை எல்லாம் விட்டுக்கொடுத்தவர். அவையெல்லாம் தாமே கொடுத்தவை. இது கேட்டு வாங்கப்பட்டது! சன் இந்த வேறுபாட்டை உணரவில்லை. பல ஆண்டு நம்பகத்தை நிரூபித்துவிட்ட மனிதனிடம், இன்று சேர்ந்தவனிடம் கேட்கும் சான்றைக் கேட்டால், அவன் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி விலகுவதில்லை, நெஞ்சு புண்பட்டு விலகுகிறான்.

ஹுவாங் அமெரிக்கா சென்றுவிட்டார். புதுக் கட்சியில் துணைத் தலைவர் பதவியை அவருக்கென்றே வைத்து, எவரையும் அமர்த்தாமல் காலியாகவே விட்டிருந்தார் சன். வெற்று நாற்காலி! அதிலே பாசம் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. நாற்காலியைக் காலியாக வைக்க முடிந்தவருக்கு, அதன் வாசலில் வைத்த மைப் பெட்டியை எடுத்துவிட முடியவில்லை.

ஹுவாங்கின் பெருந்தன்மையையும் சொல்லியாகவேண்டும். போட்டிக் கட்சி காணவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டே யுவானுக்கு எதிராகப் பேசினார், எழுதினார். 1915 இறுதியில் யுவான் தன்னைப் பேரரசன் என்று அறிவித்தபோது, யுன்னான் மாநிலத்தில் படை திரட்டி எழுந்தவர் சாய் ஓ. ரேகை பதித்த கட்சியின் பங்கு அதிலே பெரிதல்ல. 1916 சூனில் யுவான் செத்தான். சூலையில் ஹுவாங் ஷாங்காய் திரும்பினார். இரு நண்பர்களும் கசப்பு மறந்து சந்தித்தனர். அக்டோபர் 31-ல் ஹுவாங் காலமானார். வயது 42. இறுதிக் கடன்களை முன்னின்று நடத்தியவர் சன். துணைத் தலைவர் நாற்காலியில் கடைசிவரை அவர் அமரவே இல்லை.

1919 அக்டோபரில் கட்சியின் பெயர் மீண்டும் கோமிண்டாங் ஆயிற்று. விரல் ரேகை ஒழிந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளை விரைந்து கடப்போம். காண்டனில் அரசு அமைப்பதும், படைத் தலைவர்களால் விரட்டப்படுவதுமாகக் கழிந்தன. 1922 சூன் 16-ல், சன்னால் வளர்க்கப்பட்ட தளபதி சென் சியுங் மிங்கின் படைகளே அவர் மாளிகையைத் தாக்கின. சன் ஒரு பீரங்கிப் படகில் ஏறி, காண்டன் ஆற்றிலேயே ஐம்பது நாட்களுக்கு மேல் தங்கினார். படகின் பெயர் யுங் பெங். படையை நம்பிக் கட்சியை மறந்தால் என்னவாகும் என்பது அந்தப் படகிலே அவருக்குத் தெளிவாயிற்று.

இனிக் கட்சியை அடியிலிருந்து கட்டவேண்டும். தொழிலாளரும் உழவரும் வரவேண்டும், தனிப்படை வேண்டும். அதற்கு உதவ முன்வந்த ஒரே நாடு ரஷ்யா. 1923 அக்டோபரில் போரோடின் என்ற ரஷ்ய ஆலோசகர் காண்டன் வந்தார். சீனக் கம்யூனிஸ்டுகள் தனித்தனியாகக் கோமிண்டாங்கில் உறுப்பினராகலாம் என்றும் ஏற்பாடு. மூத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இருபது ஆண்டு சிறை, தலைமறைவு, தூக்குமேடை கண்டவர்கள். நேற்று வந்த இளைஞர்கள் குழுக்களில் அமர்கிறார்கள். அந்நியர் ஒருவர் சட்டதிட்டம் எழுதுகிறார்!

1914 திரும்பி வந்துவிட்டது. ஆனால் இம்முறை சன் மாறியிருந்தார்.

கட்சியைத் திருத்தி அமைக்க ஒன்பது பேர் கொண்ட தற்காலிகக் குழுவை முதலில் அமைத்தார். அதிலே புதுமையில் ஆர்வம் கொண்ட லியாவ் சுங் காய் இருந்தார். ஒரு கம்யூனிஸ்டும் இருந்தார். தயக்கம் மிகுந்த ஹூ ஹான் மின்னும் இருந்தார். பினாங்குக் கூட்டத்தில் நாம் பார்த்த தெங் சே ஜுவும் இருந்தார். வீடு கட்டி முடித்துவிட்டு விருந்துக்கு அழைப்பது ஒன்று. கடைக்கால் தோண்டும்போதே மண்வெட்டியைக் கையில் கொடுப்பது மற்றொன்று. சன் இரண்டாவதைச் செய்தார்.

அப்படியும் எதிர்ப்பு வந்தது. 1923 நவம்பர் இறுதியில், தெங் முதலாகப் பதினொரு பேர் கையெழுத்திட்டு, கம்யூனிஸ்டுகள் கட்சியை விழுங்கப் பார்க்கிறார்கள் என்று சன்னுக்கு விண்ணப்பம் தந்தனர். அதை அவர் குப்பைக் கூடையில் எறியவில்லை. விண்ணப்பத்தின் மீதே பதில் எழுதினார். சட்டதிட்டத்தைத் தயாரிக்கச் சொன்னது தாமே என்று பொறுப்பேற்றார். ஐயம் மிகையானது என்று கண்டித்தார். கட்சிக்குக் கட்டுப்படாதவர் எவராயினும் தாமே வெளியேற்றுவதாகவும் உறுதி சொன்னார். கண்டிப்பு இருந்தது, ஆனால் காரணமும் சொல்லப்பட்டது. மூத்தவனுக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். தன் சொல் நிறைவேறாவிட்டாலும் படிக்கப்பட்டது என்று தெரியவேண்டும்.

1924 சனவரி 20 முதல் 30 வரை காண்டனில் கட்சியின் முதல் மாநாடு. இடையிலே லெனின் மறைந்த செய்தி வந்து, துக்கம் காத்து ஒத்திவைத்துப் பின் தொடர்ந்தார்கள். தலைமைக் குழு ஐந்து பேர்: ஹூ ஹான் மின், வாங் சிங் வெய், லின் சென், சியே சி எனப் பழையவர் நால்வர், கம்யூனிஸ்டான லி தா சாவ் ஒருவர். ஒரு கட்சியில் இருப்பவர் இன்னொரு கட்சியில் இருக்கக்கூடாது என்று ஒரு பேராளர் தீர்மானம் கொண்டுவந்தார். லி எழுந்து விளக்கம் தந்தார். பின்னர் ஆதரித்துப் பேசியவர்கள் யார்? ஹூவும் வாங்கும் லியாவும்! உள்ளூர ஐயம் கொண்டவர்களையே ஒற்றுமைக்கு வழக்கறிஞர் ஆக்கிவிட்டது மேடை. தீர்மானம் விழுந்தது. 24 பேர் கொண்ட மத்திய செயற்குழுவில் கம்யூனிஸ்டுகள் மூவர்.

சன்னின் கைத்திறனுக்குச் சிறந்த சான்று வேறொன்று. செயற்குழுவைக் கண்காணிக்க ஐவர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கட்சியில் எவர் தவறினாலும் குற்றம் சாட்டும் உரிமை அதற்கு உண்டு. அதிலே தெங் சே ஜு! சியே சி! சாங் சி! குறை காணும் கண்ணுடைய பெரியவர்களுக்குக் குறை காணும் வேலையையே கொடுத்துவிட்டார். வீட்டிலே தூக்கம் வராத கிழவரைக் காவலுக்கு வைப்பது போல என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அது வெறும் தந்திரமல்ல, மெய்யான அதிகாரம். 1924 சூனில் மூவரும் அதைப் பயன்படுத்தினார்கள். கம்யூனிஸ்டுகள் கட்சிக்குள் தனிக்கட்சி நடத்துகிறார்கள் என்று முறைப்படி குற்றச்சாட்டு. கம்யூனிஸ்டான லியைக் கட்சிக்குள் கொண்டுவந்தவரே இந்தச் சாங் சிதான் என்பது வேடிக்கை! ஆகஸ்டில் செயற்குழு கூடியது, விவாதித்தது, குற்றச்சாட்டை ஏற்காமல் விட்டது. மூத்தவர் தோற்றனர். ஆனால் தோற்றது கூட்டத்திலே, வெளியே தெருவில் அல்ல. கட்சி உடையவில்லை.

இதற்கிடையே வேலை நடந்தது. தொழிலாளர் துறைக்கு லியாவ் பொறுப்பேற்றார். சூனில் வாம்போவா படைப்பள்ளி திறக்கப்பட்டது. நவம்பரில் சன் வடக்கே புறப்பட்டபோது, காண்டனில் தம் இடத்தில் அமர்த்தியது ஹூ ஹான் மின்னை. புதுமையை முழுமனத்தோடு ஏற்றவர் லியாவ். ஆனால் பொறுப்பு போனது தயங்கியவர் கைக்கு. தயங்குகிறவனுக்குச் சுமை கொடுத்தால் தயக்கத்துக்கு நேரமிராது என்று நினைத்தாரோ என்னவோ!

குறையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஆணியில் தொங்கியது. சட்டதிட்டமே சன்னைப் பெயர் சொல்லித் தலைவராக்கி, செயற்குழு முடிவை மறுக்கும் உரிமையையும் அவருக்கு வைத்திருந்தது. மூத்தவர் ஒவ்வொருவரும் அவருக்காகப் பொறுத்தார்கள். ஒருவரை ஒருவர் பொறுக்க அவர்கள் பழகவில்லை. சன்னிடம் சொல்லித் தீர்த்துக்கொண்ட மனக்குறையை, லியாவிடம் ஹூவும் ஹூவிடம் லியாவும் சொல்லித் தீர்க்கும் வழி அமைக்கப்படவில்லை. 1914-ல் கேட்ட தனி மனித விசுவாசம், ரேகை இல்லாமலே 1924-ல் அவருக்குக் கிடைத்துவிட்டது. அதைக் கட்சிக்கு மாற்றி எழுதக் காலம் இடம் தரவில்லை.

பீகிங் சென்றார். புற்றுநோய். 1925 மார்ச் 12-ல் கண் மூடினார். வாரிசு என்று எவர் பெயரையும் சொல்லவில்லை. வாங் சிங் வெய் எழுதிய இறுதி விருப்ப ஆவணத்தில், சாவதற்கு முதல் நாள் கையெழுத்திட்டார்.

ஐந்து மாதம்கூட முழுதாக ஓடி முடிந்ததும் முடியாததுமாக, ஆகஸ்டு 20-ல், கட்சித் தலைமையகத்தின் வாசலிலேயே லியாவ் சுங் காய் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐயம் ஹூவின் உறவினர் மீது விழுந்தது. ஹூ ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில் சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகள் மீது முதல் அடி வைக்கக் காரணமாகக் காட்டியது ஒரு பீரங்கிப் படகின் நடமாட்டத்தை. அது யுங் பெங்! சன்னைக் காத்த அதே படகு; சன்னின் பெயரையே அப்போது அதற்குச் சூட்டியிருந்தார்கள்.

1925 நவம்பரில், பீகிங்குக்கு மேற்கே உள்ள குன்றில், சன்னின் உடல் வைக்கப்பட்டிருந்த புத்தர் கோயிலில், மூத்தவர்கள் கூடினார்கள். லின் சென், சாங் சி, சியே சி எல்லோரும் வந்தனர். பெட்டிக்கு முன்னே நின்று, அவர் சேர்த்தவர்களை வெளியேற்றுவதாகத் தீர்மானம் போட்டார்கள். காண்டனில் இருந்தவர்கள் 1926 சனவரியில் இரண்டாம் மாநாடு கூட்டி, இந்த மூத்தவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். சியே சி விலக்கப்பட்டார். கட்சித் தலைவர் பதவியை எவருக்கும் கொடுப்பதில்லை, என்றைக்கும் சன்னுக்கே உரியது என்றும் அதே மாநாட்டில் முடிவாயிற்று. வாரந்தோறும் அவர் படத்துக்கு மும்முறை வணங்கி, அவருடைய விருப்ப ஆவணத்தை உரக்கப் படித்துவிட்டுத்தான் கூட்டம் தொடங்கினார்கள்.